தகரப் பல்லக்கு

என் வீட்டுக்காரரைப் பற்றி யாரைக் கேட்டாலும் கெட்டிக்காரர் என்றுதான் சொல்வார்கள். நானும் மறுக்கப் போவதில்லை. கெட்டிக்காரத்தனம் இல்லாதவருக்கு ஏரிச் சேற்றில் மோட்டார் ஓட்டத் தோன்றுமா? அந்தக் கெட்டிக்காரத்தனம் என்னை என்ன பாடு படுத்தியது என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. கேட்காவிட்டால் போகட்டும், நானே சொல்கிறேன்.

சண்டை முடிந்த சமயம். வெள்ளைக்காரன் இன்னும் போகவில்லை, போகப் போகிறான் என்று டீக்கடைகளில் பேச்சு. நாங்கள் மயிலாப்பூரில், லஸ்ஸுக்குப் பின்பக்கம் ஒரு சந்தில் குடியிருந்தோம். அவருக்கு ராயப்பேட்டையில் ஒரு மோட்டார் ஷெட்டில் மெக்கானிக் வேலை. பட்டாளத்துக்காரர்கள் கழித்துவிட்ட லாரியும் ஜீப்பும் டிஸ்போசல் ஏலத்தில் வந்து அந்த ஷெட்டில் குவிந்து கிடந்தன. அவற்றோடு பக்கத்தில் தொட்டி வைத்த ஒரு மோட்டார் சைக்கிளும் வந்தது. முதலாளி அதைப் பழைய இரும்பு என்று ஓரமாகத் தள்ளிவிட, இவர் கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

மாதக்கணக்கில் அதைப் பிரிப்பதும் பூட்டுவதுமாக இருந்தார். எங்கள் ஒற்றை அறையில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் கார்புரேட்டர் இருந்தது. அம்மிக்குப் பின்னால் செயின். தலை வாரிக்கொள்ள வைத்திருந்த தேங்காய் எண்ணெயை எடுத்து எதற்கோ தடவிவிட்டார் என்று நான் ஒரு நாள் கத்தியது சந்து முழுக்கக் கேட்டது. ஆனால் அது முதன்முதலாக உறுமிப் புகை கக்கியபோது எனக்குத்தான் எல்லோரையும்விடப் பெருமை. தொட்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, கடற்கரை வரைக்கும் போய்த் திரும்பினேன். சாந்தோம் சாலையில் எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று முந்தானையைக்கூட இழுத்துப் போர்த்திக்கொள்ளவில்லை.

நான் பிறந்தது வேளச்சேரி. அப்போது அது பட்டணத்தில் சேர்ந்ததில்லை. சைதாப்பேட்டைப் பாலம் தாண்டி, கிண்டிக் குதிரைப் பந்தய மைதானத்தையும் தாண்டினால் வயல், வரப்பு, பிறகு ஏரி, அவ்வளவுதான். நான் நடை பழகும் முன்பே அம்மா போய்விட்டாள். கூடப் பிறந்தவர்கள் கிடையாது. நைனாதான் தலை வாரிப் பின்னிவிட்டு, சோறாக்கிப் போட்டு, காய்ச்சல் வந்தால் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து என்னை ஆளாக்கினார். மறுகல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி ஊர் வற்புறுத்தியபோது, "எம் பொண்ணு இன்னொருத்தி கையால சாப்புட வோணாம்" என்று சொல்லிவிட்டாராம். இதை எனக்கு ஊரில் எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். அவர் சொன்னதில்லை.

எங்கள் வீட்டுக்கு ஒரு உரிமை உண்டு. ஏரியில் மீன்பிடி நடக்கும் அன்று வெள்ளைத் துண்டு வீசுகிற உரிமை. கோடையில் ஏரி வற்றி, நடுவில் மட்டும் தண்ணீர் தேங்கி நிற்கும்போது ஊர் கூடி ஒரு நாள் குறிப்பார்கள். அதுவரைக்கும் யாரும் வலை போடக் கூடாது. அன்றைக்குக் காலையில் நைனா கரைமேல் நின்று துண்டை வீசுவார். வீசியதும் ஊரே வலையும் மூங்கில் பறியும் கூடையுமாக இறங்கும். பிடித்தது பிடித்தவருக்கு. ஆனால் முதல் வலையில் விழுந்தது மட்டும், ஊரிலிருந்து கட்டிக்கொடுத்துப் போன பெண்களுக்கு. அதற்குப் பொண்ணு பங்கு என்று பெயர். திருவொற்றியூரில் வாழ்ந்தாலும் சரி, செங்கல்பட்டில் வாழ்ந்தாலும் சரி, வந்து நின்றால் உன் பங்கு உனக்கு. வர முடியாதவளுக்கு யார் தலையிலாவது ஏற்றி அனுப்பிவிடுவார்கள்.

சீமந்தத்துக்கோ தீபாவளிக்கோ அழைக்க எனக்கு அம்மா இல்லை, அண்ணன் இல்லை. இந்தப் பங்கு ஒன்றுதான் என்னை இன்னும் அந்த ஊர்ப் பெண் என்று சொன்னது. அதனால் மற்றவர்கள் மீனுக்காக வருவார்கள் என்றால் நான் அந்தக் கூடையை என் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பதைக் கேட்பதற்காகப் போவேன்.

மீன்பிடிக்கு முதல் நாள் இன்னொரு வழக்கம். அன்று ஒரு நாள் ஏரி அம்மனுடையது. ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் மேற்கே அம்மன் கோயில் வாசலில் கூடி, ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார வேண்டும். கூழ் ஊற்றுவார்கள், பம்பை அடிப்பார்கள். பொழுது சாயும்வரை ஏரிப் பக்கம் யாரும் திரும்பக் கூடாது. திரும்பிப் பார்த்தால் அடுத்த வருஷம் ஏரி நிரம்பாது. குழந்தைகள் திரும்பினால்கூடத் தலையைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பிவிடுவார்கள். காவல் என்று யாரும் நிற்பதில்லை. அம்மனுடையதற்குக் காவல் எதற்கு?

இதைக் கல்யாணமான புதிதில் நான்தான் அவரிடம் சொன்னேன். புதுப் பெண்டாட்டி தன் ஊர்ப் பெருமையை வேறு யாரிடம் சொல்வாள்? அவர் மல்லாந்து படுத்துக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அன்னிக்கு எவனாவது வந்து அள்ளிக்கினு போய்ட்டா?" என்றார். "அம்மனோடத எவன் அள்ளுவான்?" என்றேன். அவர் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஏரிக்குள் மோட்டார் போனது அதற்கு அடுத்த கோடையில். வற்றிய ஏரி பார்ப்பதற்குத் தரைபோல இருக்கும். ஓரமெல்லாம் வெடித்துக் கட்டாந்தரை. உள்ளே போகப் போக மேலே மட்டும் காய்ந்த ஏடு, அடியில் களி. ஆள் நடந்தால் முழங்கால்வரை உள்ளே வாங்கும். நனைந்த வலையைத் தலையில் சுமந்துகொண்டு அந்தக் களியில் போய்வருவதற்குள் ஆண்பிள்ளைகளுக்கே இடுப்பு விட்டுப்போகும். கல்யாணமான வருஷ மீன்பிடியில் இவர் கரையில் குந்தி உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மயிலாப்பூர் திரும்பியதும், அகலமான இரண்டு மாம்பலகையைச் சேர்த்து, முன்பக்கத்தை மேலே தூக்கிவிட்டு, அடியில் லாரி மட்கார்டுத் தகரத்தை இழுத்து அடித்தார். மோட்டார் சைக்கிள் டயரில் காற்றைப் பாதிக்கு மேல் இறக்கிவிட்டு, சக்கரத்தில் பழைய செயினைச் சுற்றினார். ஏடு தாங்குகிற இடம் வரைக்கும் வண்டி போகும். பலகையை நீளமான தாம்புக்கயிறு போட்டுப் பின்னால் கட்டியிருந்ததால், அங்கிருந்து கையால் தள்ளினால் அது களிமேல் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், வண்டி இழுத்தால் திரும்பி வரும். வலை, பறி, கூடை, தாம்பு, குடிதண்ணீர்ப் பானை என்று எதை ஏற்றினாலும் அது அமுங்கவில்லை.

இன்னொரு வேலையும் செய்தார். ஷெட்டுக்குப் பக்கத்தில் தகர வேலை செய்கிற பாய் ஒருவர் இருந்தார். வீட்டில் உருது பேசுவார், எங்களிடம் எங்களைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். அவரிடம் சொல்லி, இரட்டைத் தகரம் வைத்து நடுவில் மரத்தூள் அடைத்து ஒரு பெட்டி செய்துகொண்டார். ஐஸ் கம்பெனியிலிருந்து ஒரு பாளம் வாங்கிக் கோணியில் சுற்றி அதற்குள் வைத்தால், வெயில் என்ன கொளுத்தினாலும் மீன் அழுகாது. அந்தப் பெட்டியும் பலகைமேல்தான் ஏரிக்குள் போகும்.

அந்த வருஷம் ஊர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. முதலில் பயந்தார்கள். மாடுகள் மிரண்டு ஓடின. பிறகு ஒவ்வொருவராக வலையைக் கொண்டுவந்து பலகைமேல் போட்டார்கள். கிண்டல் செய்து தகரப் பல்லக்கு என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். பெண்கள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பல்லக்கில் ஏறி உட்கார்ந்து கூச்சல் போட்டார்கள். நானும் உட்கார்ந்தேன். நைனா கரைமேல் நின்று, போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "நம்ம மாப்ளை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் பங்கை என் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். ஐஸ் பெட்டியில் அது மயிலாப்பூர் வந்து சேர்ந்தபோது கெண்டையின் கண் அப்படியே பளபளவென்று இருந்தது. எங்கள் சந்தில் எல்லா வீட்டிலும் அன்று மீன்குழம்பு.

மறு வருஷம் நாள் குறித்து நைனாவிடமிருந்து சேதி வந்தது. அம்மன் நாளுக்கே போய்விடுவது என்று நான் துணி எடுத்து வைத்துவிட்டேன். அவர்தான் தடுத்தார்.

"மொத நாளே போயி அங்க இன்னாமே பண்ணப் போற? வெயில்ல குந்திக்கினு கூழு குடிக்கணும், அவ்ளோதானே. மறுநாள் காலைல நானே வண்டில கூட்டினு போறேன். தொட்டில உக்காந்து ராணி மாரி எறங்கு."

ராணி மாதிரி என்றதும் எனக்குப் பல்லெல்லாம் தெரிந்தது. அவருக்கு என்மேல் எவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பை இப்போது எடுத்துப் பார்த்தாலும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

அம்மன் நாளன்று காலையில் ஷெட்டில் அவசர வேலை என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனார். நான் வீட்டை மெழுகி, துணி துவைத்து, மறுநாளுக்காகத் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தை உலர்த்திக்கொண்டிருந்தேன். சாயங்காலம் பாய் வந்தார். ஓட்டை வாளி ஒன்றைப் பற்றவைக்கக் கொடுத்திருந்தேன், அதைக் கொண்டுவந்திருந்தார். வாசலோடு நின்று வாளியை நீட்டிவிட்டு, "மீனு ஷோக்கா இருந்திச்சி தங்கச்சி. விராலு துள்ளினு இருந்திச்சி. வூட்ல ரொம்ப சந்தோசப்பட்டாங்க" என்றார்.

"ஏது மீனு பாய்?"

"அதான், மத்தியானம் பொட்டி நெறைய கொணாந்தாரே. எங்களுக்கு ரெண்டு குடுத்துட்டு மீதிய அடையாறு பங்களாவுக்குன்னு எடுத்துக்கினு போனாரு. யாரோ பெரிய மனுசன் வூட்டு விருந்தாம். இதுல நல்ல பேரு எடுத்துட்டா இனிமே எல்லா விருந்துக்கும் மீனு இவுருதானாம்." சொல்லிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். பிறகு மெதுவாக, "மீன்புடி இன்னிக்குத்தானே? நீங்க ஏன் ஊருக்குப் போவல?" என்றார்.

நான் வாளியை வாங்கி உள்ளே வைத்தேன். மீன்பிடி நாளைக்கு என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்காரர் வந்தார். கால் கழுவியிருந்தார். வண்டியைக் கழுவவில்லை. சக்கரத்துச் செயினில் எங்கள் ஏரிக் களி காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கறுப்பு எனக்குத் தெரியாதா?

"ஏரிக்குப் போனீங்களா?"

"எவன் சொன்னான்?"

"போனீங்களான்னு கேக்குறேன்."

"போனேன். இன்னா இப்போ? நாளைக்கு எடுக்கப் போற உன் பங்கத்தானே இன்னிக்கு எடுத்தேன்."

"பொட்டி நெறையவா என் பங்கு?"

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "இத பாருமே, காலைல ஊரே எறங்கி மிதிக்கப் போவுது. தடம் எங்க தெரியப் போவுது? நீ வாயத் தொறக்காம இருந்தா ஒருத்தனுக்கும் தெரியாது. சோத்தப் போடு."

சோற்றைப் போட்டேன். போட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்து அழுதேன். மீன் போனதற்காக அழவில்லை. நம்பிச் சொன்ன ஒரு சொல்லை இரண்டு வருஷம் பத்திரமாக மடித்து வைத்திருந்து, சமயம் பார்த்து எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறாரே என்றுதான். ராணி மாதிரி என்று சொன்னதுகூட நான் ஊரில் இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் என்று புரிந்ததும் உடம்பெல்லாம் கூசியது.

விடிந்ததும் அவரை எழுப்பாமல் கிளம்பினேன். துண்டு வீசுவதற்கு முன்னால் நைனாவிடம் சொல்லிவிட வேண்டும். நான் சொல்லித் தெரிந்தால் அது ஒரு மாதிரி. பிறத்தியார் சொல்லித் தெரிந்தால் ஊரில் எனக்கு இடம் ஏது? சைதாப்பேட்டை வரை பஸ். அங்கிருந்து நடை. வழியில் கிண்டிப் பக்கம் குதிரைகளை ஓட்டிப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். நான் குதிரையைவிட வேகமாக நடந்திருப்பேன்.

இருந்தும் முந்த முடியவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது ஊர் முழுவதும் கரைமேல் நின்றுகொண்டிருந்தது. ஏரியின் காய்ந்த ஏட்டில் மூன்று சக்கர வண்டியின் தடம் ஓடியது. அதன்மேல் அகலமாக, சாணி போட்டு மெழுகியதுபோல வழவழவென்று பலகை போன தடம் நடுத்தண்ணீர் வரை நீண்டு கிடந்தது. தண்ணீர் கலங்கிக் கிடந்தது. பெட்டிக்கு ஆகாது என்று எறிந்துவிட்ட சின்ன மீன்கள் சேற்றில் காய்ந்து கிடந்தன. காக்கைகள் கொத்திக்கொண்டிருந்தன. அந்தத் தடத்துக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த ஜில்லாவிலேயே அப்படி ஒரு பலகை வேறு யாரிடம் இருந்தது?

ஒரு கிழவி என்னைப் பார்த்ததும் சொன்னாள். "மோட்டார் சத்தம் எங்க எல்லாருக்கும் நல்லாக் கேட்டுச்சிடீ. திரும்பிப் பாக்கக் கூடாதே."

கேட்டிருக்கிறது. பம்பைச் சத்தத்தையும் மீறி ஊருக்கே கேட்டிருக்கிறது. யாருடைய வண்டி என்றும் தெரிந்திருக்கிறது. ஆனால் அவ்வளவு பேரும் ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அம்மன் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். நைனா மட்டும் பக்கத்தில் இருந்தவர்களிடம், "மாப்ளை கூழு குடிக்க வண்ட்டாரு" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு, ஒரு சொம்பில் கூழை எடுத்துத் தனியாக மூடி வைத்தாராம்.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். நைனா கையில் வெள்ளைத் துண்டு இருந்தது. வீசவில்லை. எல்லோரும் கேட்கும்படி, "நைனா, என் வூட்டுக்காரர்தான். எனக்கே நேத்து சாய்ந்தரம்தான் தெரியும். அத சொல்லத்தான் ஓடியாந்தேன்" என்றேன். ஊர் என்னைத் தூற்றும் என்று எதிர்பார்த்தேன். யாரும் தூற்றவில்லை. ஒரு பெண்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டாள். நைனா என் தலையில் கை வைத்தார். அப்போது எனக்கு வந்த தைரியத்தை என்னவென்று சொல்வது, இனி எது வந்தாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தது.

அதற்குள் வண்டிச் சத்தம் கேட்டது. இந்தத் தடவை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பல்லக்கைத் தொட்டிமேல் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். கூட்டத்தைப் பார்த்தார், தடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான் யோசித்தார். கெட்டிக்காரர் இல்லையா?

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. அவ பங்கத்தான் எடுத்துக்கினு போனேன். இன்னிக்குக் கூட்டத்துல இன்னா கெடைக்கும், மொத நாளே போய் நல்லதா எடுத்துக்கினு வந்துருங்க, அன்னிக்கு யாரும் பாக்க மாட்டாங்கன்னு அவதான் சொன்னா. எனக்கு உங்க ஊர் வழக்கம் இன்னா தெரியும்?"

வழக்கம் தெரியாதாம். வழக்கம் தெரிந்ததால்தானே திருடவே முடிந்தது! "பொய்யி! நைனா, இது பொய்யி!" என்று கத்தினேன். என் கையைப் பிடித்திருந்தவள் மெல்ல விட்டுவிட்டாள்.

நைனா அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பார்த்த பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அவர் என்னைத்தான் நம்புகிறார். பெற்றவருக்குத் தெரியாதா? நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எம் பொண்ணு அறியாத்தனமா சொல்ட்டா" என்றார் நைனா. "மாப்ளை வெளியூருக்காரரு, அவர் மேல குத்தமில்ல. ஊரு பெரிய மனசு பண்ணணும். இனிமே இவளுக்குப் பொண்ணு பங்கு வோணாம். ஏரில இவ கால் வைக்கவும் வோணாம்."

மாப்பிள்ளையை ஊர் நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்பதில்லை. அதுவும் எங்கள் பக்கத்து வழக்கம்தான். மாப்பிள்ளை திருடினாலும் மாப்பிள்ளை. பெண்ணுக்கு அந்த மாதிரி வழக்கம் ஒன்றும் கிடையாது.

ஊருக்கு அதோடு மனசு ஆறிவிட்டது. யாராவது ஒருவர்மேல் போட்டாக வேண்டும், போட்டாயிற்று. நைனா துண்டை வீசினார். பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் நெஞ்சில் குத்துகிறது. ஒருவர்பின் ஒருவராக வந்து தங்கள் வலையையும் பறியையும் அந்தப் பல்லக்கின்மேல் போட்டார்கள். அம்மன் ஏரியில் திருடிய அதே பலகைதான். ஆனால் சுமை மிச்சமாகிறதே! யாரோ அவருக்கு இளநீர் சீவிக் கொடுத்தார்கள். அவர் குடித்துவிட்டு வண்டியை உதைத்துக் கிளப்பினார். ஊரே சிரிப்பும் சத்தமுமாக ஏரியில் இறங்கியது. கரைமேல் நான் ஒருத்தி மட்டும் நின்றேன். முதல் வலை வந்ததும் கட்டிக்கொடுத்த பெண்களை ஒவ்வொருத்தியாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். என் பேருக்கு முன்னால் வருகிறவள் பேர் வந்தது. பிறகு எனக்கு அடுத்தவள் பேர் வந்தது.

மத்தியானம் வீட்டில் நைனாவைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன்.

"நான் அப்டி சொல்லியிருப்பனா நைனா?"

"சொல்லியிருக்க மாட்ட."

"தெரிஞ்சிக்கினே ஏன் அப்டி சொன்னீங்க?"

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "மாப்ளைய அங்க நிக்க வச்சி அவமானப்படுத்தினா, உன்ன இங்கியே வுட்டுட்டுப் போய்டுவாரும்மா. நான் எத்தினி நாளைக்கு இருப்பேன்? அப்புறம் உனக்கு யாரு?"

"வுட்டுட்டுப் போனா போவட்டும்னு நான் சொல்லியிருப்பனே. என்ன ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவர் எழுந்து போய் இலை போட்டார். "சாப்ட்டுப் போம்மா" என்றார். எனக்குத் தலை பின்னிவிட்ட கை, காய்ச்சலில் நெற்றியைத் தொட்டுப் பார்த்த கை, அந்தக் கையால் அவர் சோறு போட்டதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாப்பிடவில்லை. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு என்னை ஊரை விட்டே தண்ணி தெளித்து விட்டுவிட்டாரே என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். அந்த வார்த்தை அப்போது வரவில்லை.

திரும்பும்போது அதே வண்டித் தொட்டியில்தான் உட்கார்ந்து வந்தேன். வேறு எதில் வருவது? அவர் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். செயின் எங்கே உரசுகிறது, அடுத்த தடவை பலகைக்கு என்ன செய்யலாம் என்றெல்லாம். சைதாப்பேட்டைப் பாலத்தில் நிறுத்தி, "சமயத்துக்கு வாயில வந்துட்டுச்சிமே. மனசுல வச்சிக்காத" என்றார். பூ வாங்கிக் கொடுத்தார். அதை அங்கேயே ஆற்றில் போட்டேன். அடையாறு பங்களாக்காரர்கள் அதற்குப் பிறகு அவரைக் கூப்பிடவே இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திருப்தி.

அவரோடு சண்டை போட்டேன், பேசாமல் இருந்தேன், பிறகு பேசினேன். பிள்ளைகள் பிறந்தன. அவரிடம் நான் எதிர்பார்த்ததே கொஞ்சம்தான், அதனால் அவர் செய்தது ஒரு அளவுக்குள் அடங்கிவிட்டது. நைனாவிடம் நான் எதையும் எதிர்பார்த்ததாகவே நினைத்ததில்லை. மூச்சு விடுவதை யாராவது எதிர்பார்ப்பார்களா? அதனால்தான் அது அடங்கவே இல்லை.

அடுத்த கோடையில் ஷெட்டில் லீவு கிடைக்காததால் அவர் மீன்பிடிக்குப் போகவில்லை. போகிற வருகிறவர் மூலமாகப் பல்லக்கை ஊருக்கே கொடுத்து அனுப்பிவிட்டார். மாட்டைக் கட்டி இழுத்துக்கொண்டார்களாம். மீன்பிடி முடிந்த அன்று சாயங்காலம் எங்கள் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. நான்தான் திறந்தேன். சின்ன வயதில் என்னோடு ஏரிக்கரையில் புளியங்கொட்டை ஆடிய ஊர்க்காரன், தலையில் கூடையோடு நின்றான். ஈர வைக்கோல் மூடிய கூடை. மீன் வாசனை வந்தது. நைனா மனம் மாறிவிட்டார் என்று நினைத்து, கூடையை இறக்கிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டினேன்.

அவன் இறக்கவில்லை. "மாப்ளை கீறாரா?" என்றான்.

"குளிக்கிறாரு. குடு, நான் வாங்கிக்கிறேன்."

"இல்ல... பலகை குடுத்தாரு இல்ல, அதுக்காக ஊர்லேர்ந்து மொத வலைல வுழுந்த மொத கூடைய அவருக்கு அனுப்பிச்சிக்கீறாங்க." என் கண்ணைப் பார்க்காமல் சொன்னான். "அவுரு கையிலதான் குடுக்கணும்னு உங்க நைனா சொல்லி அனுப்பிச்சாரு."

அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வரும்வரை அவன் கூடையோடு வாசலிலேயே நின்றான். நானும் நின்றேன். அவர் வந்து வாங்கி, முகமெல்லாம் சிரிப்பாக, என்னிடம் நீட்டினார். நான் அரிவாள்மணையை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவ்வளவும் எங்கள் ஏரி விரால். செதில் சீவி, கழுவி, புளி கரைத்துக் குழம்பு வைத்தேன். அவருக்குப் போட்டேன். பிறகு எனக்கும் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். வெகு ருசியாக இருந்தது. இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டேன்.